மெட்டல் கேட்டும் ஓர் அருணாக்கயிறும்

நிரோஷன் போன் எடுத்துக் கதைத்தான். எனக்குக் கீழே வேலை பழகியவன். இப்போது அங்கே மேலே இருக்கிறான். விமான நிலையத்தில், விமானம் மாறுகிறவர்களைச் சோதிக்கிற பகுதிக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். உள்ளே நின்று கையைத் தூக்கினால் போதும், உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்று படத்தில் காட்டுமாம். மூன்று மொழியும் கதைக்குமாம்.

"தமிழும் கதைக்குது, அந்தோனி அண்ணே."

"என்ன சொல்லுது?"

"'இடுப்புப்பட்டியை அகற்றவும்' எண்டு."

"சனம் அகற்றுதா?"

"இல்லை. மெஷினைத் திரும்பிப் பாத்து 'பெல்டா?' எண்டு கேக்குதுகள்."

நலன்புரிச் சங்க மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்றான். நான் எட்டாம் வகுப்பு, நீளமாக வராது என்றேன். "பரவாயில்லை. மிச்ச இடத்தில விளம்பரம் போடுவம்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் விமான நிலையத்தில் தட்டுத் தூக்கினேன். மூட்டையை விடத் தட்டு பாரம் குறைவு. குடும்பம் முன்னேறியது என்று அம்மா எல்லோருக்கும் சொன்னா.

வேலை இதுதான். ஒரு நாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர், எங்களிடம் விமானம் மாறி இன்னொரு நாட்டுக்குப் போவார். நடுவில் எங்களிடம் ஒரு சோதனை. பை, போன், பெல்ட், சப்பாத்து எல்லாவற்றையும் தட்டில் வைக்க வேண்டும். ஏறிய இடத்தில் ஏற்கனவே சோதித்திருப்பார்கள். அதை நாங்கள் நம்புவதில்லை. நாங்கள் சோதித்ததைப் போய் இறங்குகிற நாடு நம்புவதில்லை. ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

எங்களுக்கும் குடிவரவு அதிகாரியின் மேசைக்கும் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பயணி இலங்கைக்கு வரவில்லை. எங்கள் கக்கூசுக்குப் போவார். எங்கள் தேத்தண்ணியை டொலர் கொடுத்துக் குடிப்பார். எங்கள் நுளம்பு அவரைக் கடிக்கும். ஆனாலும் வரவில்லை. நானும் அந்தப் பக்கத்தில்தான் வேலை செய்தேன். காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, எந்த நாடும் இல்லாத இடத்துக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்து சோறு தின்பேன்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'சேர்' என்று சொல்லப் பழக்கினார்கள். நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவால் ஓடுவது என்று காட்டினார்கள். அந்தக் கதவு பூட்டியிருந்தது. பெல்ட் என்பதை மூன்று மொழியிலும் சொல்லப் படித்தோம். சிங்களத்தில் பெல்ட். தமிழில் பெல்ட். ஆங்கிலத்தில் பெல்ட்.

மேலதிகாரி குணதாச சேர். மெல்லிய மனிதர். சத்தம் போடமாட்டார். சட்டைப் பையில் பச்சைப் பேனை. இல்லை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் "பலமு" என்பார். சிங்களத்தில் 'பார்ப்போம்' என்று அர்த்தம். லீவு கேட்டால் பலமு. மின்விசிறி கேட்டால் பலமு. என் கல்யாணத்துக்கு அழைத்தேன், பலமு என்றார். வந்தார். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவரிடம் இன்னொரு விசேஷம். காலையில் அவர் மெட்டல் கேட்டுக்குள் வந்தால் அது கத்தும். டை என்கிற கழுத்துப் பட்டியில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு நாளும் கத்தும். ஒவ்வொரு நாளும் தொட்டுக் காட்டுவார். அவ்வளவு சின்ன ஊசிக்கு அவ்வளவு பெரிய சத்தமா என்று நாங்கள் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

திரவம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. தண்ணீர் திரவம். அதில் சண்டை இல்லை. ஊறுகாயில்தான் சண்டை. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா, மகளுக்கென்று எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தா. திரவமா இல்லையா என்று நாங்கள் சண்டை பிடித்தோம். குணதாச சேர் வந்து போத்தலை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். எல்லோரும் பார்த்தோம்.

"ஓடுதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடுது சேர். ஆறுதலா ஓடுது."

மெதுவாக ஓடுகிறது என்றேன். எங்கள் தமிழில் ஆறுதலா என்றால் அதுதான். அவசரமில்லாமல்.

ஓடினால் திரவம் என்று தீர்ப்பானது. பறித்ததை அழிக்க வேண்டும் என்று சட்டம். நாங்கள் மத்தியானச் சோற்றோடு அழித்தோம். நல்ல ஊறுகாய்.

இப்போது நிரோஷன் எழுதச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை. வளைகுடாவிலிருந்து வந்த விமானம் பிந்தி இறங்கியது. அதில் வந்து திருச்சிக்கு மாறுகிறவர்கள் ஓடி வந்தார்கள். முன்னால் ஓடி வந்தவரின் பெயர் முருகேசன். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வேலை செய்த உடம்பு. கையில் ஒரு சின்னப் பை மட்டும். அவர் உள்ளே வர கேட் கத்தியது.

கேட்டில் நின்றவர் சமன். "பெல்ட்" என்றார்.

"பெல்ட் இல்லீங்க." சட்டையைத் தூக்கிக் காட்டினார். இல்லைத்தான்.

சமன் கைக்கருவியை அவர் இடுப்பில் பிடித்தார். அதுவும் கத்தியது.

"மொகத?" என்ன அது என்று கேட்டார்.

"அருணாக்கயிறு."

"அருணா?"

"ஆமாங்க. அருணா."

அருணா என்பது சிங்களத்தில் ஆம்பிளைப் பெயர். எங்கள் எக்ஸ்ரே மெஷினிலேயே ஓர் அருணா இருந்தார். சமன் அவரைக் கூப்பிட்டார். அருணா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

"இவனை உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"உன் பெயரைச் சொல்கிறான்."

அருணாவின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஆள் வைத்துத் தங்கம் கடத்துகிற கதைகள் எங்கள் இடத்தில் அடிக்கடி அடிபடும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "புத்தர் மேல் ஆணை, இந்த முகத்தை நான் கண்டதே இல்லை" என்றார்.

பிறகுதான் தமிழ் தெரிந்தவனைத் தேடினார்கள். நான் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து. அரைஞாண் கயிறு. எங்கள் பக்கம் குழந்தைகளுக்குக் கட்டுவது. வளர்ந்த ஆளின் இடுப்பில் அன்றுதான் கண்டேன். சமனுக்குச் சொன்னேன். அருணா கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, இதைக் கழட்டித் தட்டில வையுங்கோ."

"கழட்ட முடியாதுங்க. முடிச்சு. அறுக்கத்தான் வேணும்."

"அப்ப அறுப்பம்."

"ஐயையோ! ஆம்பளைக்கு இதை அறுக்கறது பொணமானப்புறந்தாங்க. நஞ்சு போனாக்கூடப் புதுசைக் கட்டிட்டுத்தான் பழசை அறுப்போம். எங்கப்பா கட்டினது. அவரே ஆஸ்பத்திரில சீரியஸா கெடக்காரு. பாக்கத்தான் போறேன். இந்த நேரத்துல போயி இதை அறுத்தா..."

நான் சிங்களத்தில் சொன்னேன். அதற்குள் குணதாச சேர் வந்தார்.

சட்டப்படி உடம்பில் இருப்பது மூன்று வகை. பெல்ட், நகை, மருத்துவ உபகரணம். பெல்ட் என்றால் கழற்ற வேண்டும். நகை என்றால் கழற்ற வேண்டும். மருத்துவ உபகரணம் என்றால் தனியாகச் சோதித்துவிட்டு விடலாம். இது எந்த வகை?

குணதாச சேர் குனிந்து பார்த்தார். கயிற்றை விரலால் தூக்கினார். காற்சட்டை விழவில்லை.

"பெல்ட் இல்லை" என்றார். "நகையா?"

"நகை எண்டால் வெளியில போடுவினம் சேர்" என்றேன்.

"பலமு. கத்தரிக்கோல் இருக்கா?"

இருந்தது. பயணிகளிடம் பறித்த கத்தரிக்கோல் ஒரு பெட்டி நிறைய இருந்தது. பெட்டிக்குச் சீல் வைத்திருந்தது. உடைக்க இரண்டு அதிகாரிகள் வேண்டும். ஒருவர் குணதாச சேர். மற்றவர் லீவு.

அந்த நேரம் விமானக் கொம்பனிப் பிள்ளை ஓடி வந்தா. கையில் வோக்கி டோக்கி. என் பக்கம் வந்து, முருகேசனைப் பார்த்தபடி, சின்னக் குரலில் சொன்னா. திருச்சி விமானத்தின் வாசலைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொன்னார்களாம்.

நல்ல செய்தி. நான் முருகேசனின் தோளைத் தொட்டேன்.

"அண்ணே, ஆறுதலா இருங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவ கையிலிருந்த வோக்கியைப் பார்த்தார்.

"ஆறுதலா?"

"ஓம். ஆறுதலா."

அப்படியே தரையில் உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினார். அந்த மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கள் நாட்டில் ஒரு தமிழன் இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. யாரோ ஆங்கிலத்தில் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார்கள். எல்லோரும் போனார்கள். எனக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை. நான் நின்றேன். அப்படி நின்றதற்காகப் பிறகு பாராட்டுக் கடிதம் தந்தார்கள். துணிவு என்று போட்டிருந்தது.

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன் அண்ணே அழுறீங்க? ஆர் செத்தது?"

"நீங்கதானேய்யா ஆறுதல் சொன்னீங்க! அந்தப் பொண்ணு வந்து உங்க காதுல சொல்லுது, நீங்க வந்து எனக்கு ஆறுதல் சொல்றீங்க. எப்பப் போனாரு? சொல்லுங்க!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் ஆறுதல் சொல்வது செத்த வீட்டில்.

"இல்லை அண்ணே. நான் அந்தரப்படாதேங்கோ எண்டு சொன்னனான். எங்கட பாஷையில ஆறுதலா எண்டால் மெதுவா. பிளேன் நிக்குதாம், அதைத்தான் அந்தப் பிள்ளை சொன்னது."

"சமாளிக்கிறீங்க."

"மாதா சத்தியமா."

"அப்ப அப்பா இருக்காரா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தீங்களா!"

"ஓம் அண்ணே, ஆனா..."

"எதுக்குங்க சும்மா ஓம் ஓம்னு மந்திரம் சொல்றீங்க? பயமா இருக்கு."

"அது மந்திரமில்லை. 'ஆமா' எண்டு சொல்லுறது."

நம்பவில்லை. அவர் நிலையில் நானும் நம்பியிருக்கமாட்டேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு யாரும் செத்துப்போனார் என்று போனில் சொல்வதில்லை. சீரியஸ், உடனே வா என்றுதான் சொல்வார்கள். அவரை அங்கே பிளேன் ஏற்றிவிட்டவர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"உண்மையச் சொல்லுங்க. போயிட்டாருன்னா அறுத்துக்கறேன். இருக்காருன்னா அறுக்கவிட மாட்டேன். தெரியாம நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

வீட்டுக்குக் கதைக்க வேண்டும். அவருடைய சிம் எங்களிடம் வேலை செய்யாது. இலவச வைஃபை இருந்தது. அதற்கு ஓர் இரகசிய இலக்கம் போனுக்கு வரும். போன் வேலை செய்தால்தான் வரும். போன் வேலை செய்தால் வைஃபை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் போன்கள் எல்லாம் அலுமாரியில் பூட்டியிருந்தன. சோதனைப் பகுதியில் வேலை செய்கிறவர் போன் வைத்திருக்கக் கூடாது. குணதாச சேரின் கடுமையான கட்டளை.

சத்தம் கேட்டு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் குடிவரவு அதிகாரி வந்து நின்றார். கோட்டைத் தாண்டவில்லை. பிளேன் போய்விட்டால் இந்த ஆள் எங்கே தங்குவார் என்று நான் கேட்டேன்.

"விசா இல்லை. உள்ளே விட முடியாது."

"அப்ப இங்கேயே இருக்கட்டுமா?"

"இங்கே இருக்க முடியாது. இவர் இன்னும் வரவில்லையே."

வராத மனிதர் எங்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கொம்பனிப் பிள்ளையின் வோக்கி கரகரத்தது. வாசலை இனிப் பிடித்து வைக்க முடியாதாம்.

நான் குணதாச சேரைப் பார்த்தேன்.

"சேர், வீட்டோட ஒருக்காக் கதைச்சால் எழும்புவார்."

"பலமு" என்றார்.

சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து, வலது காலின் காற்சட்டையைத் தூக்கி, காலுறைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

சமன் மெட்டல் கேட்டைப் பார்த்தார். அருணா கழுத்துப் பட்டி ஊசியைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இத்தனை வருடமும் கேட் பொய் சொல்லவில்லை.

முருகேசன் அம்மாவின் இலக்கத்தைச் சொன்னார். சேர் சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தார்.

"எங்கடா இருக்க? வந்துட்டியா?"

"அம்மா, உண்மையச் சொல்லு. அப்பா இருக்காரா?"

"இருக்காருடா. நீ வா."

எப்படியிருந்தாலும் அந்தப் பதில்தான் வரும். அவருக்கும் தெரியும்.

"அப்பா இடுப்புல கயிறு இருக்கா?"

முருகேசன் என் கையைப் பிடித்தார். எலும்பு நொந்தது.

"இருக்கா இல்லையாம்மா?"

"ஏன்டா, ஒனக்கு யாரு சொன்னா அதை? இப்பத்தாண்டா, ஸ்கேன் எடுக்கணும் அதை அறுக்கணும்னு நர்சம்மா கத்தரிக்கோலோட வந்துச்சு. மூச்சு விட முடியாம கெடந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. 'நான் பொணமாடி?'ன்னு கேட்டு வஞ்சாரு பாரு, வார்டே கூடிருச்சு."

"வஞ்சாரா?"

"வண்டவண்டையா. எனக்கு வெளிய தலைகாட்ட முடியல."

முருகேசன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. "வஞ்சாரு" என்று என்னிடம் சொன்னார், அப்பா ஏசினாராம். "வஞ்சாராம்யா" என்று சமனிடம் சொன்னார். சமனுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. தலையை ஆட்டினார்.

குணதாச சேர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"ஸ்கேன் எடுத்தார்களா?"

"இல்லை சேர். விடவில்லை."

"அங்கேயும் வகை தெரியவில்லை" என்றார். போன் மறுபடி காலுறைக்குள் போனது. பச்சைப் பேனை வெளியே வந்தது.

"இதை ஏன் கட்டினார்கள் என்று கேள்."

கேட்டேன். சின்ன வயதில் வலிப்பு வருமாம். ஊரில் குறி சொல்கிற கோடாங்கி மந்திரித்துக் கொடுத்தாராம். அப்பா கட்டிவிட்டாராம்.

"பிறகு வலிப்பு வந்ததா?"

"வரலீங்க."

"அப்படியென்றால் மருத்துவ உபகரணம்" என்றார் குணதாச சேர். "கொடுத்த டொக்டரின் பெயர்?"

"கோடாங்கி சேர்" என்றேன்.

எழுதினார். டொக்டர் கோடாங்கி. எழுத்துச் சரியா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். மருத்துவ உபகரணத்துக்கு உரிய முறைப்படி, திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், தாயத்தைப் பஞ்சுத் துணியால் துடைத்து மெஷினில் வைத்துப் பார்த்தோம். வெடிமருந்து இல்லை. கொஞ்சம் விபூதி இருந்தது. அதற்கு வகை இல்லை.

முருகேசன் ஓடினார். கொம்பனிப் பிள்ளை முன்னால் ஓடினா. முருகேசன் பையை விட்டுவிட்டு ஓடியதால் நானும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அடுத்த நாள் காலை குணதாச சேர் வந்தார். கேட் கத்தியது. ஊசியைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் தலையாட்டினோம்.

சில மாதம் கழிந்தது. திருச்சியிலிருந்து வந்த விமானத்தில் முருகேசன் இறங்கினார். வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிறார். சமன் தூரத்திலேயே கண்டுவிட்டார். "அருணா கோ?" என்று சிரித்தார். அருணா எங்கே என்று அர்த்தம். எக்ஸ்ரே மெஷினிலிருந்து அருணாவும் எட்டிப் பார்த்துக் கை காட்டினார்.

முருகேசன் கேட்டுக்குள் நடந்து வந்தார்.

கேட் கத்தவில்லை.

சமன் அவரைத் திரும்ப நடக்கச் சொன்னார். நடந்தார். கத்தவில்லை. சமன் சிரிப்பை நிறுத்தினார்.

நான் தட்டோடு நின்றேன். முருகேசன் கிட்ட வந்தார்.

"நான் போனப்புறம் ரெண்டு நாளு பேசிக்கிட்டிருந்தாருங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு. அவருதை நான்தான் அறுத்தேன். என்னுதையும் அறுத்து அவரு கையில வச்சு அனுப்பிட்டேன்."

"அப்ப உங்களுக்கு?"

"புதுசு கட்டிக்கிட்டுத்தான் அறுத்தேன். வெறுங்கயிறு. வெள்ளி போட்டுக் கட்டிவிட ஆளில்லை."

எனக்குச் சொல்ல ஒரு வார்த்தைதான் இருந்தது. அது முன்பு செய்த வேலை இரண்டு பேருக்கும் தெரியும். பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஆறுதலாப் போங்கோ அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.